பட்டாளத்தில் ஏன் சேருகிறார்கள்? சீட்டில் எழுதும் காரணமும் இரவுக் காவலில் சொல்லும் காரணமும்

கேள்வி இதுதான்: "என் தம்பி நன்றாகப் படித்தவன். கையில் ஒரு வேலையும் இருக்கிறது. திடீரென்று ராணுவத்தில் சேரப்போகிறேன் என்கிறான். ஏன் என்று கேட்டால் ஒழுங்காகப் பதில் சொல்லத் தெரியவில்லை. வேறு வழியில்லாதவர்கள்தானே அங்கே போவார்கள்? மனிதர்கள் உண்மையில் எதற்காகச் சேருகிறார்கள்?"

முதலில் உங்கள் தம்பிக்காக ஒரு வார்த்தை. பதில் சொல்லத் தெரியவில்லை என்பதால் அவனிடம் காரணமே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நான் 17 வருடம் சீருடையில் இருந்தவன். அதில் கடைசி 5 வருடம் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலை. என் அனுபவத்தில், கடகடவென்று காரணம் ஒப்பித்தவர்களைவிடத் தடுமாறியவர்களிடம்தான் பெரும்பாலும் நிஜமான காரணம் இருந்தது.

பயிற்சி மையத்தில் முதல் நாள் இரவு ஒரு வழக்கம் வைத்திருந்தோம். முடி வெட்டியாகிவிட்டது, சீருடை வாங்கியாகிவிட்டது, யாருக்கு எந்தக் கட்டில் என்பதும் முடிவாகிவிட்டது. எல்லாரும் களைத்துப்போய்க் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருப்பார்கள். ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுத்து, ஏன் வந்தாய் என்று ஒரு வரியில் எழுதச் சொல்வோம். "நாட்டுக்குச் சேவை செய்ய." "தாய்நாட்டைக் காக்க." "நாட்டுக்காக எதையாவது சாதிக்க." பெயரை மறைத்துவிட்டால் எது யாருடைய சீட்டு என்றே கண்டுபிடிக்க முடியாது. அது பொய் என்று நான் சொல்லமாட்டேன். தேர்வுக்குத் தயாராகும்போது சொல்லிச் சொல்லி நாக்குக்குப் பழகிப்போன பதில், அவ்வளவுதான்.

ஆறாவது வாரம் அதே கேள்வியை வேறு மாதிரி கேட்பேன். இரவுக் காவல் முறை வரும். நடுநிசி தாண்டி இரண்டு மணிக்கு, தூக்கத்தை விரட்டிக்கொண்டு நிற்கிற பையன் பக்கத்தில் போய் நின்று சும்மா பேச்சுக் கொடுப்பேன். அந்த நேரத்தில் யாரும் மேடைப் பேச்சு பேச மாட்டார்கள். ஒருவன் சொன்னான்: "சார், வீட்டில் நாங்கள் ஏழு பேர். எனக்கென்று ஒரு அலமாரித் தட்டுகூடக் கிடையாது. என் சட்டையை யார் வேண்டுமானாலும் எடுத்துப் போட்டுக்கொள்வார்கள். இங்கே எனக்கென்று ஒரு பெட்டி இருக்கிறது. அதற்கு ஒரு பூட்டு." சொல்லிவிட்டுக் கழுத்தில் நூலில் தொங்கிய சாவியை வெளியே எடுத்துக் காட்டினான். முதல் நாள் சீட்டில் அவனும் தாய்நாட்டைத்தான் எழுதியிருந்தான்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், சேர்ந்த காரணத்தை யார் கேட்கிறார்கள், எங்கே கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். தேர்வு அதிகாரியிடம் ஒன்று, அம்மாவிடம் ஒன்று, நண்பர்களிடம் ஒன்று. நான்காவதாக ஒன்று இருக்கும். அது அவனுக்கே அரைகுறையாகத்தான் தெரியும். உங்கள் தம்பி இப்போது அந்த நான்காவதில் நிற்கிறான் என்று நினைக்கிறேன்.

சரி, நீங்கள் சொன்ன "வேறு வழியில்லாதவர்கள்" விஷயத்துக்கு வருவோம். பணம் ஒரு காரணம்தான், சந்தேகமே இல்லை. 2022-இல் அமெரிக்காவில் வேலையின்மை மிகவும் குறைந்திருந்தது. அந்த ஆண்டு அவர்களுடைய தரைப்படை 60,000 பேரைச் சேர்க்க நினைத்து ஏறக்குறைய 15,000 பேர் குறைவாகத்தான் சேர்க்க முடிந்தது. வெளியே வேலை கிடைத்தால் பட்டாளத்து வாசலில் கூட்டம் குறையும். இது எல்லா நாட்டு ஆள்சேர்ப்பு அதிகாரிகளுக்கும் தெரிந்த கணக்கு.

ஆனால் "பரம ஏழைகள்தான் போகிறார்கள்" என்பது அவ்வளவு சரியில்லை. அதே அமெரிக்காவில் சேருபவர்களில் பெரும்பகுதி நடுத்தர வருமானமுள்ள பகுதிகளிலிருந்து வருகிறவர்கள். மிகவும் பணக்காரப் பகுதிகளிலிருந்தும் குறைவு, மிகவும் ஏழைப் பகுதிகளிலிருந்தும் குறைவு. முன்னது ஏன் என்று விளக்க வேண்டாம். பின்னதற்குக் காரணம், பட்டாளம் யாரை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்வதில்லை என்பதுதான். பள்ளிப்படிப்பு வேண்டும், எழுத்துத் தேர்வில் தேற வேண்டும், கண், காது, பல், முட்டி எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும், போலீஸ் வழக்கு இருக்கக்கூடாது. வறுமை முதலில் கெடுப்பதே இவற்றைத்தான். அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 2020-இல் பார்த்த கணக்குப்படி, 17 முதல் 24 வயது வரை உள்ளவர்களில் 77 சதவீதம் பேர் சிறப்புத் தளர்வு இல்லாமல் சேரவே முடியாது. ஆக, உங்கள் தம்பியைத் தேர்ந்தெடுத்தால் "வேறு வழியில்லாதவன்" என்று அர்த்தமில்லை.

இன்னொன்று. பணம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் சம்பளத்தின் அளவை அல்ல. அந்தச் சம்பளம் மாதாமாதம் தவறாமல் வரும் என்பதைத்தான். தங்க இடம், உடுத்த உடை, வைத்தியம், குடும்பத்துக்கு வைத்தியம், வயதானபின் பென்ஷன். வெளியே இதைவிட அதிகம் சம்பாதித்தவர்கள்கூட அந்த நிச்சயத்துக்காக வந்து சேர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். அப்பாவின் வியாபாரம் ஒரே வருடத்தில் நொடித்துப்போனதைச் சின்ன வயதில் பார்த்த ஒருவன் எங்கள் பிரிவில் இருந்தான். வெளியே போனால் இரண்டு மடங்கு சம்பளம் என்று யாராவது சொன்னால் சிரிப்பான். "எத்தனை மாதத்துக்கு?" என்று கேட்பான்.

அதனால்தான் சேவைக்காலத்தின் விதிகளை மாற்றினால் வருகிறவர்களின் கணக்கும் மாறுகிறது. இந்தியாவில் 2022-இல் வந்த அக்னிபத் திட்டத்தில் சிப்பாய் நிலையில் சேருகிறவர்களுக்கு 4 ஆண்டுகள்தான். அதன் பிறகு அதிகபட்சம் 25 சதவீதம் பேர் மட்டுமே நிரந்தரமாகத் தொடரலாம், மற்றவர்களுக்குப் பென்ஷன் கிடையாது. திட்டம் நல்லதா கெட்டதா என்பது வேறு வாதம். ஆனால் "பென்ஷன் இருக்கிறது" என்பதை முதல் காரணமாக வைத்திருந்தவன் இனி வேறு காரணம் தேடித்தான் ஆக வேண்டும்.

படிப்பும் இதே வரிசையில் வரும். 1944 ஜூன் மாதம் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட ஒரு சட்டம், போரிலிருந்து திரும்பியவர்களுக்குப் படிப்புச் செலவையும் வீட்டுக்கடன் உத்தரவாதத்தையும் கொடுத்தது. அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் ஏறக்குறைய 78 லட்சம் பேர் அதை வைத்துப் படித்தார்கள் அல்லது தொழிற்பயிற்சி பெற்றார்கள். அதில் சுமார் 22 லட்சம் பேர் கல்லூரிக்கே போனார்கள். அன்றைக்கு அது திரும்பி வந்தவர்களுக்கான கைம்மாறு. கட்டாயச் சேர்ப்பு 1973-இல் நின்றபிறகு அதுவே ஆளை இழுக்கும் தூண்டிலாகிவிட்டது. இப்போது அங்கே கூடுதல் வருடங்கள் சேவை செய்ய ஒப்புக்கொண்டால் அந்தப் படிப்பு உதவியை மனைவிக்கோ பிள்ளைக்கோ மாற்றிக் கொடுக்கலாம். தான் படிக்க வந்தவன் மகளைப் படிக்க வைப்பதற்காகத் தங்குகிறான்.

பணத்தைப் பற்றி இவ்வளவு போதும். வெளியே இருப்பவர்கள் அதைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள். இரவுக் காவலில் நான் அதிகம் கேட்டது வேறு.

அதிகம் கேட்டது, எதையாவது விட்டுவிட்டு வந்த கதைகள். குடிக்கிற அப்பா. தோற்றுப்போன காதல். ஒவ்வொரு விசேஷத்திலும் "இன்னும் ஒன்றும் அமையவில்லையா?" என்று கேட்கும் சொந்தக்காரர்கள். கூடாத சகவாசம், இன்னும் ஒரு வருடம் அங்கேயே இருந்தால் ஜெயில்தான் என்று தெரிந்துகொண்டு ஓடிவந்தவர்கள். வீட்டை விட்டு ஓடினால் ஊர் ஏசும். பட்டாளத்துக்கு ஓடினால் அதே ஊர் மாலை போட்டு வழியனுப்பும். கௌரவமாக வெளியேற இதைவிட நல்ல வாசல் உலகத்தில் குறைவு.

இது புதிய கதையும் இல்லை. நதெஷ்தா துரோவா என்ற ரஷ்யப் பெண்மணி 1806-இல் தன் பெண் உடையை ஆற்றங்கரையில் போட்டுவிட்டு, ஆண் உடையில், தன் குதிரை மீதேறிப் போய்க் குதிரைப்படையில் சேர்ந்தார். திருமணமாகி, குழந்தையும் பெற்று, அந்த வாழ்க்கை பிடிக்காமல் பெற்றோர் வீட்டுக்குத் திரும்பியிருந்தவர். அப்பா படை அதிகாரி. குழந்தைப் பருவமே படை முகாமில்தான். நெப்போலியனுக்கு எதிரான போர்களில் சண்டை போட்டார். விஷயம் வெளியே தெரிந்தபோது பேரரசர் முதலாம் அலெக்சாந்தர் அவரை வீட்டுக்கு அனுப்பவில்லை, அதிகாரியாக்கிப் படையிலேயே தொடர அனுமதித்தார். அவர் சேர்ந்ததற்குக் காரணம் நாட்டுப்பற்றா, குதிரையா, கணவனிடமிருந்து தப்பிப்பதா? மூன்றையும் பிரிக்க முடியாது. போர்க்களத்தைவிட வீடுதான் அவருக்கு மூச்சுமுட்டியது என்று மட்டும் சொல்லலாம்.

பிரான்சின் அயல்நாட்டவர் படை இந்த மனநிலையின் மேலேயே கட்டப்பட்ட அமைப்பு. 1831-இல் மன்னர் லூயி பிலிப் தொடங்கியது. எந்த நாட்டவரும் சேரலாம். 17½ வயதிலிருந்து 39½ வரை. முதல் ஒப்பந்தம் 5 ஆண்டுகள். சேருகிறவனுக்குப் புதிய பெயர் கொடுத்துப் பழைய வாழ்க்கைக்கு வெளியே ஒரு கதவு திறந்துவிடுவது அதன் புகழ்பெற்ற மரபு. கொலைகாரர்களுக்குப் புகலிடம் என்று சினிமாவில் காட்டுவது பழைய கதை. பெரிய குற்றம் செய்தவர்களை இன்று எடுப்பதில்லை. ஆனால் உடைந்த குடும்பம், கடன், தோல்வி போன்றவற்றைப் பின்னால் விட்டுவிட்டு வருகிறவர்கள் இன்றும் வருகிறார்கள். 3 ஆண்டு முடிந்ததும் பிரெஞ்சுக் குடியுரிமை கேட்கலாம். சண்டையில் காயம்பட்டவர் "சிந்திய இரத்தத்தால் பிரெஞ்சுக்காரர்" என்ற வழியில் 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதற்கு முன்பே கேட்கலாம்.

குடியுரிமை என்பதும் ஒரு காரணம்தான், அதுவும் மிகப் பழையது. ரோமானியப் பேரரசில் குடிமகன் அல்லாதவர்கள் துணைப்படையில் 25 வருடம் சேவை செய்தால் குடியுரிமை கிடைக்கும். அதற்குச் சான்றாக இரண்டு வெண்கலத் தகடுகளைச் சேர்த்துக் கட்டிக் கொடுப்பார்கள். அவற்றில் பல இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அதைப் படத்தில் பார்க்கும்போதெல்லாம் நினைப்பேன்: இருபது வயதில் சேர்ந்தவன் நாற்பத்தைந்து வயதில் அந்தத் தகட்டை வாங்குகிறான். பாதி வாழ்க்கையைக் கொடுத்து வாங்கிய அடையாள அட்டை.

குடும்ப மரபு பற்றி உங்களுக்கே தெரிந்திருக்கும். அப்பா, மாமா, அண்ணன் யாராவது பட்டாளத்தில் இருந்திருந்தால் பிள்ளை போவதற்கான வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது. பெருமை மட்டும் இதற்குக் காரணம் என்று நினைக்காதீர்கள். பரிச்சயம். மற்ற வீட்டுப் பிள்ளைக்குப் பட்டாளம் என்பது தொலைக்காட்சியில் வரும் துப்பாக்கி. பட்டாளத்துக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு அது அப்பா லீவில் வரும் நாள், பெட்டியைத் திறக்கும்போது வரும் பாலிஷ் வாசனை. பயம் அங்கேயே பாதி போய்விடுகிறது. இதன் மறுபக்கமும் உண்டு: அப்பா வருடத்தில் பத்து மாதம் வீட்டில் இல்லாததைப் பார்த்து வளர்ந்தவன் "செத்தாலும் போகமாட்டேன்" என்பான். ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகள், இரண்டு முடிவுகள்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நியாயமாக இருக்காது. எங்கள் குடும்பத்தில் யாரும் பட்டாளத்தில் இல்லை. பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவர் இருந்தார். ஊரிலேயே கூச்ச சுபாவி. நாலு பேர் இருக்கும் இடத்தில் தலை நிமிர்த்திப் பேசமாட்டார். சேர்ந்து ஒரு வருடம் கழித்து லீவில் வந்தார். முதுகு நிமிர்ந்திருந்தது. பெரியவர்கள் முன்னால் நின்று கண்ணைப் பார்த்துப் பேசினார். அப்போது எனக்கும் அவருடைய பழைய கூனல்தான். சேர்ந்தேன். என் முதல் நாள் சீட்டில் நான் என்ன எழுதியிருப்பேன் என்று நினைக்கிறீர்கள்?

தன்னைச் சோதித்துப் பார்க்கும் ஆசை என்று இதைச் சொல்லலாம். நல்ல வேலையில் இருப்பவர்களிடம், உங்கள் தம்பி போன்றவர்களிடம், நான் அதிகம் கண்டது இதைத்தான். அலுவலகத்தில் எல்லாம் சரியாகப் போகும். ஆனால் உண்மையான நெருக்கடி வந்தால் நான் யார்? நிற்பேனா, ஓடுவேனா? வேறு எந்த வேலையும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. பெண்களும் இதையே சொல்வார்கள். கூடவே, "உன்னால் முடியாது" என்று சொன்ன ஒருவரின் முகமும் அவர்கள் மனதில் இருக்கும். அந்த முகத்துக்காகவே கடைசிக் கிலோமீட்டரை ஓடி முடித்தவர்களை எனக்குத் தெரியும்.

நண்பர்களோடு சேருவது தனி ரகம். இதன் இனிப்பையும் கசப்பையும் 1914-இல் முதல் உலகப் போர் தொடங்கியபோது பிரிட்டன் முழுதாகக் காட்டியது. ஒன்றாகச் சேருகிறவர்கள் ஒன்றாகவே சேவை செய்யலாம் என்று அறிவித்தார்கள். ஒரே ஆலையில் வேலை செய்தவர்கள், ஒரே அணியில் பந்து விளையாடியவர்கள், ஒரே தெருக்காரர்கள் கூட்டமாக வந்து சேர்ந்தார்கள். நண்பர்கள் படைப்பிரிவு என்றே அவற்றுக்குப் பெயர். தனியாக ஒருவனை அழைத்தால் யோசிப்பான். நால்வரைச் சேர்த்து அழைத்தால் யாரும் பின்வாங்க வெட்கப்படுவார்கள். 1916 ஜூலை 1 காலை, பிரான்சில் நடந்த சோம் போரின் முதல் நாள், அக்ரிங்டன் என்ற சிறு நகரத்துப் பிரிவு செர் கிராமத்தை நோக்கி முன்னேறியது. சுமார் 720 பேரில் 584 பேர் இறந்தார்கள், காயம்பட்டார்கள் அல்லது காணாமல் போனார்கள். பெரும்பாலும் முதல் அரை மணி நேரத்துக்குள். தெருவோடு சேர்ந்தவர்கள் தெருவோடு போனார்கள். அதற்குப்பின் ஒரே இடத்து ஆட்களை ஒரே பிரிவில் குவிக்கும் அந்த முறையை மறுபடி அந்த அளவில் செய்யவில்லை.

உங்கள் தம்பியின் நண்பர்கள் யாராவது சமீபத்தில் சேர்ந்திருக்கிறார்களா என்று பாருங்கள். சேர்ந்திருந்தால் பாதி விடை அங்கே இருக்கும்.

விருப்பத்தோடு சேர்ந்ததாகத் தோன்றும், ஆனால் அப்படியில்லாத ரகம் ஒன்றும் உண்டு. வியட்நாம் போர்க் காலத்தில் அமெரிக்காவில் பல இளைஞர்கள் தாங்களாகவே முன்வந்து சேர்ந்தார்கள். எப்படியும் கட்டாயமாகக் கூப்பிடுவார்கள். முந்திக்கொண்டால் கடற்படையோ விமானப்படையோ, எதில் சேருவது என்பதையாவது நாமே தேர்ந்தெடுக்கலாம் என்ற கணக்கு. தாளில் அவர்கள் தன்னார்வலர்கள்.

இப்போது நாட்டுப்பற்று. இவ்வளவு நேரம் அதை ஓரமாக வைத்ததால் நான் அதைக் கேலி செய்கிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். அது நிஜம். ஆனால் வரைபடத்தின் மேல் வருகிற பற்று குறைவு. ஏதோ ஒரு முகம், ஒரு நாள், ஒரு கடன் வழியாகத்தான் அது வரும். 2022 பிப்ரவரியில் ரஷ்யப் படை உள்ளே நுழைந்த சில நாட்களுக்குள் உக்ரைனில் சேர்ப்பு மையங்கள் முன்னால் நீண்ட வரிசைகள் நின்றன. அந்த வரிசையில் நின்றவர்களிடம் "ஏன்?" என்று கேட்பதே அபத்தம். வீடு எரிகிறது, வாளியைத் தூக்குகிறார்கள்.

வீட்டு வாசலில் போர் இல்லாதபோது அது இவ்வளவு நேராக இருக்காது. பாட் டில்மன் கதை தெரியுமா? அமெரிக்கக் கால்பந்தில் தொழில்முறை ஆட்டக்காரர். அணி கொடுக்க இருந்த ஒப்பந்தம் 3 ஆண்டுக்கு 36 லட்சம் டாலர். அதை விட்டுவிட்டு 2002-இல் தம்பி கெவினோடு சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தார். ஊடகங்கள் துரத்தின, காரணம் சொல்ல ஒரு பேட்டிகூடக் கொடுக்கவில்லை. 2001 செப்டம்பர் தாக்குதலுக்கு மறுநாள் கொடுத்த ஒரு பேட்டியில் மட்டும், தன் குடும்பத்தில் பலர் போருக்குப் போயிருக்கிறார்கள், தான் அப்படி எதற்காகவும் எதையும் பணயம் வைத்ததில்லை என்ற பொருளில் பேசியிருந்தார். நாடு அதில் இருக்கிறது, குடும்பம் இருக்கிறது, நான் எதுவும் செய்யவில்லையே என்ற உறுத்தலும் இருக்கிறது. எது எவ்வளவு என்று அவரே பிரித்துச் சொல்லவில்லை. 2004 ஏப்ரல் 22 அன்று ஆப்கானிஸ்தானில், தன் பக்கத்து ஆட்களே தவறுதலாகச் சுட்டதில் இறந்தார். எதிரி சுட்டதாகத்தான் முதலில் அறிவித்தார்கள். உண்மை குடும்பத்துக்குத் தெரிய வாரக்கணக்கில் ஆனது. அவருடைய காரணத்தை அவர் சொல்லாமல் வைத்திருந்தார். அவர் இறந்தபின் ஆளாளுக்குத் தங்கள் வசதிப்படி ஒரு காரணத்தை அவர்மேல் ஏற்றினார்கள். குடும்பம் அதோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

இந்த இரண்டு பக்கத்தையும், அதாவது "கூலிக்கு வேலை" என்பதையும் "கடமைக்கு அழைப்பு" என்பதையும், சமூகவியலாளர் சார்லஸ் மாஸ்கோஸ் 1977-இல் எழுதிய கட்டுரையில் தனித்தனியாக வைத்துப் பார்த்தார். சம்பளத்தைக் காட்டி ஆள் பிடித்தால் பட்டாளம் மற்ற வேலைகளைப் போல ஒரு வேலையாகிவிடும் என்பது அவர் கவலை. கவலை நியாயமானதுதான். ஆனாலும் நான் பார்த்தவரை இரண்டும் ஒரே ஆளுக்குள் சண்டையில்லாமல் குடியிருக்கும். மாதக் கடைசியில் சம்பளம் வந்ததா என்று கேட்கிறவன்தான் வெள்ளம் வந்தபோது கழுத்தளவுத் தண்ணீரில் முதலில் இறங்கினான்.

அப்புறம், யாரும் முன்கூட்டிச் சொல்லாத விஷயம் ஒன்று. சேர வைத்த காரணம் தங்க வைப்பதில்லை. இரண்டாம் உலகப் போரில் சாமுவேல் ஸ்டௌஃபர் என்ற சமூகவியலாளரின் குழு ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கச் சிப்பாய்களிடம் கேள்வித்தாள் கொடுத்து ஆராய்ந்தது. அதில் முன்வரிசையில் சண்டை போட்டவர்களிடம், உங்களைத் தொடர்ந்து நிற்க வைப்பது எது என்று கேட்டார்கள். அதிகம் பேர் சொன்னது: வேலையை முடித்துவிட்டு வீட்டுக்குப் போகணும். அதற்கடுத்து: பக்கத்தில் நிற்கிறவனைக் கைவிட முடியாது. கொள்கை, லட்சியம் என்று சொன்னவர்கள் மிகக் குறைவு. எங்கள் பயிற்சி மையத்திலும் குண்டு வெடிக்காமலே இதைப் பார்க்கலாம். ஆறாவது வாரம் "போய்விடுகிறேன் சார்" என்று வருகிறவனிடம் நாட்டைப் பற்றிப் பேசினால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவான். "உன் பக்கத்துக் கட்டில்காரன் நாளைக்கு யாரோடு ஓடுவான்?" என்று கேட்டால் கொஞ்சம் நின்று யோசிப்பான்.

எந்தக் காரணங்கள் நிலைக்கவில்லை என்றும் சொல்லிவிடுகிறேன். சீருடையின் மினுக்கு மட்டும் என்றால் மூன்றாவது வாரம் கரைந்துவிடும், ஏனென்றால் சீருடையில் பெரும்பாலான நேரம் செய்வது தரை துடைப்பதும், புல் வெட்டுவதும், வரிசையில் காத்திருப்பதும். துப்பாக்கி ஆசையும் அப்படியே; சுடுவதற்கு ஒரு மணி நேரம் என்றால் அதைப் பிரித்துத் துடைப்பதற்கு மூன்று மணி நேரம். யாரையோ பழிவாங்க, "நான் இல்லாமல் அவள் அழட்டும்" என்று வருவது பெரும்பாலும் அவள் அழவில்லை என்று தெரியும் வரைக்கும்தான். அப்பாவின் கட்டாயத்துக்காக வந்தவன் நிலை எல்லாவற்றிலும் பரிதாபம். அவனால் தங்கவும் முடியாது, போகவும் முடியாது.

தப்பித்து வந்தவர்களைப் பற்றி என் கருத்து கொஞ்சம் வேறு. மற்ற பயிற்சியாளர்கள் பலர் அவர்களை நம்பமாட்டார்கள். நான் நம்புவேன். எதிலிருந்து ஓடிவந்தோம் என்று தெரிந்தவனுக்குத் திரும்பிப் போகும் ஆசை குறைவு. ஆனால் எங்கே வந்திருக்கிறோம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். தப்பிக்க வேண்டும் என்பது மட்டும் காரணமாக இருந்து, கட்டளைக்குக் கீழ்ப்படியும் வாழ்க்கை பிடிக்காதவனாக இருந்தால், ஒரு சிறையிலிருந்து இன்னொன்றுக்கு வந்ததாகத்தான் அவனுக்குத் தோன்றும்.

இனி உங்கள் வீட்டு விஷயம். குடும்பமே கூடி உட்கார்ந்து "காரணம் சொல்" என்று கேட்காதீர்கள். கேட்டால் துண்டுச் சீட்டுப் பதில்தான் வரும். அவனோடு தனியாக எங்காவது நடந்து போங்கள்; இருட்டிய நேரம் என்றால் இன்னும் நல்லது, முகம் தெரியாதபோது பேச்சு வரும். "ஏன்?" என்றும் கேட்க வேண்டாம். "எப்போதிலிருந்து?" என்று கேளுங்கள். தேதி தெரிந்தால் காரணம் தானாகத் தெரியும். அந்தத் தேதியில் என்ன நடந்தது என்பது அக்காவான உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்?

பிறகு நான் தேர்வுக்கு வரும் பையன்களிடம் கேட்கும் இரண்டு கேள்விகளை அவனிடம் கேளுங்கள். இரண்டாவது மாதம் முட்டி உடைந்து, தகுதியில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டால் என்ன செய்வாய்? பதில் இருந்தால் தெளிவாகத்தான் இருக்கிறான். இன்னொன்று: உனக்குச் சரியென்று படாத ஒரு கட்டளை வந்தால்? இதற்கு உடனே பதில் சொன்னால் கவலைப்படுங்கள். யோசித்தால் விட்டுவிடுங்கள்.

கடைசியாக, சேர்ப்பு மையத்தில் வாயால் சொல்வதை எல்லாம் நம்பவேண்டாம் என்று சொல்லுங்கள். எந்தப் பிரிவு, எத்தனை வருடம், நடுவில் விலகினால் என்ன, காயம்பட்டால் என்ன கிடைக்கும், படிப்பு உதவிக்கு என்ன நிபந்தனை, எல்லாம் தாளில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். என் காலத்தில் நான் வாசிக்காமல்தான் கையெழுத்துப் போட்டேன். நான் கேட்ட பிரிவு ஒன்று, கிடைத்தது இன்னொன்று.

அந்தச் சாவிப் பையனைப் பற்றி யாராவது கேட்பீர்கள் என்று தெரியும். பயிற்சியை முடித்தான். போகும்போது பெட்டியை ஒப்படைக்க வேண்டும், மையத்துச் சொத்து. பூட்டு மட்டும் அவன் காசு கொடுத்து வாங்கியது. அதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, சாவியை மறுபடி கழுத்திலேயே மாட்டிக்கொண்டு வண்டி ஏறினான்.